நல்லூர் மந்திரிமனை

நல்லூர்ச் சட்டநாதர் கோயிலுக்கு அணித்தே உள்ளது மந்திரிமனை. அதன் முகப்பு மரத்திலுள்ள செதுக்குவேலையை நின்று பார்ப்போர் எளிதில் நகரார். 2025 செப்டெம்பர் மழையில் அம்மனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. எஞ்சியதையும் அகற்றிப் புதிதாய் எழுப்பலாமே என்பாரும் உளர். யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. இன்று காணும் கட்டடமோ அதற்குப் பிற்பட்டது. மந்திரி வாழ்ந்தாரென்பது செவிவழிச் செய்தியே என்பது அவர்தம் வாதம். இருக்கட்டுமே! நம்மூர்த் தச்சரும் கொத்தரும் ஐரோப்பியப் பாணியைத் தமதாக்கிக்கொண்ட விதத்தை மாணவர்க்கு வேறெங்கே காட்டுவது? ஆயினும், சீமெந்து பூசிப் புதுக்குதலும் இடித்தலை ஒத்ததே. சுண்ணச்சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும். சீமெந்தோ உள்ளே அடைக்கும். நாளடைவில் செங்கல் உதிரும். திருத்துவோர் முதலில் சுவருக்கு முட்டுக்கொடுத்து, மழை புகாது மூடி, விழுந்த மரத்தையும் கல்லையும் எண்ணிட்டுப் பேணிய பின்னரே சுண்ணாம்பைக் குழைத்தல் வேண்டும்.