பண்டுக்கு அப்பால்

எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உலகம் பண்டோடு முடிந்துவிடும். பண்டு என்றால் வெளியூர் வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். கேரித் தீவில் உப்புத் தண்ணீர் உள்ளே புகாதபடி ஆள் உயரத்துக்கு மேல் போட்டிருக்கும் மண்ணணைதான் பண்டு. கிழக்கே லங்காட் ஆறு, மேற்கே கடல். நடுவில் கிடக்கும் தாழ்ந்த சேற்று நிலத்தில் தோட்டம் நிற்பதே அந்த அணையை நம்பித்தான். அணைக்கு உள்ளே செம்பனை. வெளியே பாக்காவ் காடு.

"பண்டைத் தாண்டினாயோ, காலை ஒடித்துப் போடுவேன்" என்பது என் தகப்பனார் அடிக்கடி சொன்ன வாக்கு. அதில் பாதி மிரட்டல், பாதி பயம். காட்டில் முதலை உண்டு, பேய் உண்டு என்பார்கள். அங்கே தீவின் பூர்வகுடிகளான மா மேரி மக்கள் நடமாடுகிறார்கள், பிள்ளை பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மக்களை அந்நாளில் நம்மவர்கள் அழைத்த சொல்லை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒரே தீவில், சைக்கிளில் போகும் தூரத்தில் குடியிருந்தும், நாற்பது வயது தாண்டும் வரை அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்ததில்லை. வகுப்பில் பாக்காவ் மரத்தைப் பற்றிப் படம் போட்டுப் பாடம் நடத்துபவன் நான். அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில்தான் அது நடந்தது. கூடப் படித்தவர்கள் மூவர் சேர்ந்தோம். ஒருவன் கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். மற்றவன் இங்கேயே குலை வெட்டுகிறான். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்துவிட்டதால் வெட்டுக்கார நண்பன் தோட்டத்தை விட்டுப் புறப்படத் தயாராக இருந்தான். போவதற்கு முன்பு, தன் அப்பா வேலை பார்த்த பழைய தண்ணீர்க் கதவையும் அதற்கப்பால் உள்ள காட்டையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும் என்றான்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அவனுடைய இரண்டு பிள்ளைகளும் என் பள்ளியில் படிக்கிறார்கள். தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வரும் கதை உங்களுக்குத் தெரியாததல்ல; எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் போவதென்றால் ஒரு வாங்கு காலியாவது. காட்டுக்குள் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்து, "இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் போடா" என்று சொல்லிப் பார்ப்பது என் திட்டம். நட்பைவிட வருகைப் பதிவேடுதான் அப்போது என் மனத்தில் பெரிதாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

வழிகாட்ட மா மேரிப் பெரியவர் ஒருவரைக் கேட்டிருந்தோம். மரச் செதுக்கல் செய்பவர். அமாவாசைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். "பதினொன்றுக்கு வருகிறோமே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தண்ணீர் உன் கடிகாரத்தைப் பார்க்காது, சிக்கு" என்றார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பது.

நிலா கணக்கு எனக்கும் ஏட்டளவில் தெரியும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் அந்த நாள்களில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். இரண்டு ஆள் உயரம்! ஆனால் வெட்டுக்கார நண்பனின் அப்பாவுக்கு இந்தக் கணக்கு ஏட்டில் இல்லை, சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தில் இருந்தது. திதியைப் பார்ப்பார். "நாளுக்கு ரெண்டு நாழிகை பிந்தும்டா" என்பார். இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். விஞ்ஞானப் புத்தகம் சுமார் ஐம்பது நிமிடம் என்கிறது. நடுச்சாமத்தில் வற்றம் வந்தாலும் அரிக்கன் விளக்கோடு எழுந்து போய்க் கதவைத் தூக்கிவிடுவார். கான்களில் தேங்கிய மழைத் தண்ணீர் ஆற்றுக்கு ஓடிவிடும். ஏற்றம் திரும்புவதற்குள் கதவை இறக்கிவிட வேண்டும். ஒரு நாள் கண் அயர்ந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து மரத்தின் வேரைப் பிடித்துவிடும்.

பண்டின் மேல் சிறிது தூரம் நடந்தோம். பழைய கதவு இருந்த இடத்தில் கருத்துப்போன இரண்டு மரத் தூண்கள் மட்டும் சேற்றில் நின்றன. பக்கத்தில் புதிய இரும்புக் கதவு. உள்தண்ணீர் தள்ளினால் திறந்துகொள்ளும், வெளித்தண்ணீர் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டாம். நண்பன் ஒரு தூணைத் தட்டிப் பார்த்தான். "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு" என்றான். அவ்வளவுதான். லோரிக்காரன் ஏதோ கேலி பேச வாயெடுத்தவன், பேசாமல் இருந்துவிட்டான்.

காட்டின் வாசலில் பெரியவர் நின்று தம் மொழியில் முணுமுணுத்தார். மூதாதையரிடம் அனுமதி கேட்கிறாராம். வெட்டுக்காரன் சட்டென்று செருப்பைக் கழற்றினான். எல்லைக்கல் ஓரத்து முனியாண்டிக்குச் சூடம் கொளுத்திவிட்டுக் கத்தியைத் தொடும் வழக்கம் எங்களுக்கும் உண்டுதானே? பெரியவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். "சாமிக்குச் செருப்பு பரவாயில்லை. சிப்பி காலை அறுக்கும், போட்டுக்கொள்" என்றார்.

உள்ளே போனதும் வெயில் நின்றுவிட்டது. பாக்காவ் மரம் தரையில் நிற்பதில்லை. வளைந்த வேர்க் கால்களில் ஏறி நிற்கிறது, கூடாரம் தூக்கிய பந்தற்கால்கள் மாதிரி. சற்றுத் தள்ளி அப்பி-அப்பி மரங்கள். அவற்றின் அடியில் ஆயிரக்கணக்கான பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. சேற்றில் காற்றுக் கிடையாது. அதனால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. பலகையில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்! மூக்கில் ஏறிய அழுகிய முட்டை வாடைதான் அந்தப் பாடத்தின் பொருளை எனக்குச் சொன்னது. மீன் ஒன்று துடுப்பை ஊன்றி வேர்மேல் ஏறி உட்கார்ந்து எங்களை முறைத்தது. மலாயில் அதை 'பெலாச்சாக்' என்பார்கள். "நம்ம மண்டோர் மாதிரியே பார்க்குது" என்றான் லோரிக்காரன். ஆள் இடுப்பளவுக்கு மண்மேடுகள் நின்றன. இறால் வகை ஒன்று அடிமண்ணைத் தோண்டி வெளியே தள்ளிக் கட்டியவையாம். கொசுவைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

பெரியவர் ஒரு மரத்தைக் காட்டினார். நீரே பத்து. உள்ளே சிவந்த வைரம் பாய்ந்த மரம். அவர்களுடைய முகமூடிகளும் சிலைகளும் அதில்தான் பிறக்கின்றன. பெரிய மரம் இப்போது அருகிவிட்டதால் நெடுந்தூரம் தேட வேண்டியிருக்கிறது என்றார். இந்தத் தீவில் பெரிய துறைமுகம் கட்டப் போவதாக 2017ஆம் ஆண்டில் பேச்சு எழுந்ததே, அதைப் பற்றிக் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. "கேரி துரை வந்தபோது எங்கள் தாத்தாமாரை யாரும் கேட்கவில்லை" என்றார். 1900களின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் போட வந்த வெள்ளைக்காரர் அவர். தீவுக்கு இருப்பது அவர் பெயர். "உங்கள் தாத்தாமாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்" என்று பெரியவர் சேர்த்துக்கொண்டார். அந்தக் காட்டில் நான் கேட்ட பேச்சுகளில் அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தை ஒரு சாய்ந்த மரத்தில் உட்கார்ந்து பிரித்தோம். இதுதான் சமயம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"மூத்தவன் டாக்டராகணும்கிறான், வாத்தியாரே. எனக்கு ஆசையில்ல, அவனுக்கு ஆசை. இங்கேருந்து டியூசனுக்கு அனுப்ப வண்டிக்கு எங்க போவேன்? எங்கப்பன் கதவைத் தூக்கினாரு. நான் குலையைத் தூக்கினேன். அவன் புத்தகத்தைத் தூக்கட்டும்."

கனைத்த தொண்டையைச் சோற்றால் அடைத்துக்கொண்டேன்.

பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. பெரியவர்தான் எழுந்தார். நாங்கள் வந்த வழியில் இருந்த சின்ன ஓடையைப் பார்த்தேன். காலையில் கணுக்கால் அளவு கூட இல்லை. இப்போது நுரையும் சருகும் காட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. ஆற்று வெள்ளம் இரைந்துகொண்டு வரும், இது திருடனைப்போல் வருகிறது. அவசரத்தில் நான் கால் வைத்த இடம் உள்வாங்கியது. முழங்கால், தொடை என்று இறங்கினேன். இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மா என்று அலறினேன்.

"இழுக்காதே! படு!" என்றார் பெரியவர். வெட்டுக்காரன் வேரின் மேல் குப்புறப் படுத்துத் தன் கையை நீட்டினான். நாளெல்லாம் கழியில் அரிவாள் பிடித்துக் குலை இறக்கும் கை அது. என் மணிக்கட்டைப் பற்றியதும் இரும்பு வளையம் மாட்டியதுபோல் இருந்தது. மார்பைச் சேற்றில் சாய்த்து, ஒவ்வொரு காலாக உருவினேன். ஒரு சப்பாத்து அங்கேயே போயிற்று. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மார்பளவு. பெரியவர் முன்னால், நாங்கள் கைகோத்துப் பின்னால்.

பண்டின் மேல் ஏறி விழுந்து கிடந்தோம். மாலையில் ஒரு பக்கம் தண்ணீர் மரங்களின் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுபக்கம், அதைவிடத் தாழ்வில், செம்பனை மரங்கள் காய்ந்த தரையில் நின்றன. கானில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நண்பன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ராத்திரி ராத்திரி எழுந்து போவாரு. எங்கம்மா திட்டும், கதவையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானேன்னு" என்று சொல்லிச் சிரித்தான். கண்ணைத் துடைத்தது சேற்றுக்காகவும் இருக்கலாம்.

விடுமுறை முடிந்த வாரம் பள்ளி மாற்றப் பாரத்துக்காக வந்தான். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுமுன் பாரத்தை நிரப்புவது என் வேலை. பிள்ளைகளின் பெயரை எழுதினேன். புதிய பள்ளி என்ற இடத்தில் பேனா நின்றது. நான் கேட்கத் தயங்கியதை அவன் புரிந்துகொண்டான்.

"தமிழ்ப்பள்ளிதான், வாத்தியாரே. வேற எங்க சேர்ப்பேன்?" என்றான்.

பள்ளியின் பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.