வித்தைச் சீட்டுக்கட்டை என்ன செய்வது?

வீட்டில் ஒருவர் காலமானால் அவருடைய வேட்டி சட்டையை யாருக்குக் கொடுப்பது, கட்டிலை என்ன செய்வது என்பதற்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர் விட்டுப் போனது மேஜிக் சீட்டுக்கட்டு என்றால்? அதற்கு வழக்கம் கிடையாது. சமீபத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

என் அலுவலக நண்பர் ஒருவர், பல வருடம் பக்கத்து நாற்காலிக்காரர், மேஜிக் பிரியர். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மகன் ஒரு பிஸ்கட் டின்னோடு சதுரங்கப்பட்டினத்துக்கே வந்துவிட்டான். கூடவே வீட்டு மாப்பிள்ளையும். "மாமா, இதுல நாலு கட்டு இருக்கு. எது நிஜக் கட்டு, எது வித்தைக் கட்டுன்னு எங்களுக்குத் தெரியல. அப்பா உங்ககிட்டதான் எல்லாம் காட்டியிருக்காரு" என்றான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஒண்ணை நான் எடுத்துக்கறேன் மாமா. மனமகிழ் மன்றத்துல ரம்மிக்கு ஆகும்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நாலுமே வித்தைக் கட்டு. முதலாவதில் 26 சீட்டு ஒரே சீட்டு, எல்லாம் ஆட்டின் ஏழு. அவை மயிரிழை குட்டையாக வெட்டப்பட்டு, ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். விரலால் சரசரவென்று விட்டால் எல்லாம் வேறு வேறாகத் தெரியும். நீங்கள் எடுத்தால் ஏழுதான் வரும். ஸ்வெங்காலி என்று பெயர்.

இரண்டாவது, ஒரு முனை அகலம், மறு முனை சற்றே குறுகல். ஒரு சீட்டைத் திருப்பிச் செருகினால் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இதைப் 'பிசோத்தே' என்பார்கள்.

மூன்றாவது, ஒரு பக்கம் சொரசொரப்பு மருந்து பூசியது. இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே நகரும். லேசாகத் தள்ளினால் பிரியும்.

நான்காவது, பின்பக்கப் பூ வேலைப்பாட்டில் அடையாளம் வைத்தது. தெரிந்தவன் முதுகைப் பார்த்தே முகத்தைச் சொல்லிவிடுவான்.

பிரெஞ்சு வழியில் படித்ததால் ரொபேர் ஊதேன் எழுதியதை மூலத்திலேயே படிக்க முடிந்தது. 1805-இல் பிறந்தவர், கடிகாரத் தொழிலிலிருந்து மேஜிக்குக்கு வந்தவர். ஹூடினி தன் பெயரையே இவர் பெயரிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். 1849-இல் பாரிசில் ஒரு நீதிபதி, ஓர் ஆளிடம் பிடிபட்ட 150 சீட்டுக்கட்டுகளை இவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். எல்லாம் வெள்ளை முதுகு. பல நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. சலித்துப் போயிருந்த நேரத்தில், பளபளப்புக்கு நடுவே மங்கலாக ஒரு புள்ளி கண்ணில் பட்டது. அந்தப் புள்ளி இருக்கும் இடம்தான் சீட்டின் பெயர்! பிறகு 1861-இல் சீட்டு மோசடிகளை அம்பலப்படுத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

வித்தைக்காரன் ஏன் மோசடிக்காரனைக் காட்டிக் கொடுக்க வேண்டும்? வித்தைக்காரன் "உங்களை ஏமாற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறான். நாமும் சரியென்று உட்காருகிறோம். சீட்டாட்டத்தில் அந்தச் சம்மதம் கிடையாது. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னதற்குக் காரணம், விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருப்பதுதான். முதுகில் அடையாளம் இருந்தால் அந்தத் திறமைக்கு என்ன மரியாதை?

இன்னொன்றும் உண்டு. சாவு வீட்டில் இரவு கண்விழிக்கச் சீட்டுப் போடுவது நம் பக்கத்து வழக்கம். "வீட்டுல ஒரு கட்டு இருக்குமே" என்று யாராவது அலமாரியைத் திறப்பார்கள். பத்து ரூபாய் ஆட்டம்தான். ஆனால் நடுவில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், போனவர் பெயர்தான் கெடும். வாழ்நாளில் காசு வைத்து ஒரு ஆட்டம் ஆடாத மனிதர் அவர்.

அதனால் நான் சொன்ன யோசனை இது. ஸ்வெங்காலி கட்டை வைத்து யாரும் ரம்மி ஆட முடியாது; 26 ஏழு வந்தால் முதல் கையிலேயே குட்டு உடைந்துவிடும். அது வீட்டிலேயே இருக்கட்டும். சொரசொரப்புக் கட்டுக்கு எங்கள் ஊர்க் கடல் காற்று ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில், பவுடர் படாமல் வைக்க வேண்டும். அதையும் பிசோத்தே கட்டையும் ஒன்பதாவது படிக்கும் பேரனுக்குக் கொடுக்கலாம், ரகசியத்தையும் சேர்த்து. ரகசியம் இல்லாமல் கொடுத்தால் அது வெறும் கோணல் சீட்டு. ஒரே நிபந்தனை: வேறு எந்தக் கட்டோடும் கலக்கக் கூடாது, காசு வைக்கும் இடத்துக்குப் போகக் கூடாது.

நான்காவதை அழித்துவிட வேண்டும். 52 சீட்டும் சரியாக இருக்கும், பார்த்தால் சாதாரணக் கட்டு, கை மாறினால் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் பழைய சாமானைக் கழித்துக் கட்டும்போது சாட்சி வைத்துச் செய்வோம் அல்லவா, அதே முறை. இந்தச் சீட்டு கையால் கிழியாது. நாலு நாலாக அடுக்கி, குறுக்கே வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வெட்டியவர் மாப்பிள்ளைதான். நல்ல மனிதர்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், இருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்: இது வித்தைக் கட்டு, ஆட்டத்துக்கு அல்ல, இன்னாருக்குச் சேர வேண்டும் என்று. மூன்று வரி போதும். பிள்ளைகள் டின்னைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம்.