விளக்கேற்றா வீடும் பகடையும்

2024 அக்டோபர் 31 அன்று, தமிழகத்தில் தீபாவளியும் மேலைநாடுகளில் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. மேல்கோட்டையின் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் பலவற்றிற்கு அந்நாள் இவ்விரண்டும் அன்று. அது துக்கநாள். திப்பு சுல்தான் ஆட்சியில் ஒரு நரக சதுர்த்தசி அன்று தம் முன்னோர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர் என்பது அவர்களது வழிவழி நினைவு. ஆகவே அவர்கள் அன்று பண்டிகை கொண்டாடுவதில்லை.

அந்நாளுக்கெனத் திகில் சாகசம் ஒன்றை எழுதித் தருமாறு மைசூரில் என்னுடன் வேடமேற்பு விளையாட்டு ஆடும் நண்பர்கள் கேட்டனர். களம் மேல்கோட்டை என்றும் அவர்களே முடிவு செய்திருந்தனர். இவ்விளையாட்டை அறியாதோர்க்கு ஒரு சொல்: ஒருவர் கதையை நடத்துவார், ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று முடிவெடுப்பர், ஐயமான செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகைக்கு முன்னோடி. 1983-இல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் வெளியிட்ட ரேவன்லாஃப்ட், இதன் திகில் மரபில் தலையாயது. அச்சேறுமுன் அதை அவர்கள் ஹாலோவீன்தோறும் ஆடிப் பார்த்தனர். மலைமேல் கோட்டை, மூடுபனி, அழியாத ஒரு கொடுங்கோலன் என்பதே அதன் கட்டமைப்பு.

மேல்கோட்டையில் இவற்றை இட்டு நிரப்புவது மிக எளிது. உச்சியில் யோக நரசிம்மர் கோயில், அடிவாரத்தில் கல்யாணி, முற்றுப்பெறாது நிற்கும் ராயகோபுரம், அருகருகே கிடக்கும் அக்கா தங்கி குளங்கள். கொடுங்கோலன் இருக்கையில் திப்புவை அமர்த்தி, மாண்டோரைப் பேய்களாக உலவவிட்டால் சாகசம் ஒரே மாலையில் முடிந்துவிடும். அந்த எளிமையே என்னைத் தடுத்தது.

படுகொலையின் ஆண்டு, இடம், எண்ணிக்கை ஆகியவற்றில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. உடையார் ஆட்சியை மீட்க அரசி லட்சுமி அம்மணி ஆங்கிலேயரோடு நடத்திய மறைமுகப் பேச்சே காரணம் என்பது மரபுவழிச் செய்தி. அதே மேல்கோட்டைக் கோயிலுக்குத் திப்பு கொடை வழங்கியமைக்கும் சான்றுகள் உள்ளன. கொடை கொலையை மறுத்துவிடாது. கொலை கொடையை அழித்துவிடாது. இன்றைய கர்நாடகத்திலோ திப்புவின் பெயரே தேர்தல் மேடைகளின் ஆயுதம். அவரை இரத்தக்காட்டேரியாக்கும் பகடையாட்டம், ஆட்டத்தோடு நின்றுவிடாது. மாண்டோரைப் பேயாக்குவது அதனினும் கொடிது. துக்கம் காக்கும் வீட்டின் முன்னோரை நம் கிளுகிளுப்புக்கு ஏவலாளாக்குவது அது.

எங்கள் குழுவில் ஒருவர் அத்தகைய வீட்டில் பிறந்தவர். அவரிடம் கேட்டேன். "எங்க பாட்டி அந்த நாள்ல பயந்து நான் பார்த்ததே இல்லை. பேசாம இருப்பாங்க, அவ்வளவுதான்," என்றார். ஆடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பேய் வரக் கூடாது என்றார்.

ஆகவே ரேவன்லாஃப்டை விடுத்து, 1981-இல் வெளிவந்த கால் ஆஃப் கத்துலுவின் துப்பறியும் முறையைத் தழுவினேன். ஆடுவோர் ஒரே குடும்பத்தார். பாட்டி இறந்தபின் பழைய பெட்டியைத் திறக்கின்றனர். ஒரு கொடைப்பட்டயப் படி, ஒரு பாதி எழுதிய வம்சாவளி, மேல்கோட்டைத் தமிழில் ஒரு கடிதம். ஒன்றையொன்று முழுதும் மெய்ப்பிக்காத ஆவணங்கள் அவை. எதிர்த்துப் போரிட எவருமில்லை. மேசை நடுவே எக்ஸ் அட்டை ஒன்றையும் வைத்தேன். யாரேனும் அதைத் தொட்டால் காரணம் கேளாமல் அக்காட்சியை விட்டு நகர்வோம். இறுதியில் ஒரே கேள்வி: அடுத்த ஆண்டு இவ்வீட்டில் விளக்கேற்றுவதா, வேண்டாமா? அதற்குப் பகடை இல்லை. பேசி முடிவெடுக்க வேண்டும்.

அந்த விவாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. சாகசத்தில் மிகுந்த அச்சம் தந்த பகுதி அதுவே என்று பின்னர் அனைவரும் கூறினர். தவறாக முடிவெடுத்தால் யாரை இழிவுபடுத்துவோம் என்னும் அச்சம் அது.

வரலாற்றைத் திகில் விளையாட்டாக்கலாமா என்று கேட்போர்க்கு என் விடை, ஆக்கலாம் என்பதே. ஆனால் அவ்வரலாற்றின் பிள்ளைகள் அதே மேசையில் அமர்ந்து ஆட இயல வேண்டும். நாம் எழுதும் ஆய்வேடுகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாமே, நண்பர்களே.