சேலம் சமவெளியில் மஞ்சளும் நீலமும்

சேலத்துக்குச் சமுத்திரம் கிடையாது, நாமக்கல்லுக்கும் கிடையாது. வடக்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயனும் கொல்லிமலையும், மேற்கே காவேரி. இவற்றின் நடுவே செம்மண் மேடுகளும், மரவள்ளிக் கொல்லைகளும், தறிச் சத்தம் ஓயாத கிராமங்களும் நிறைந்த பூமி இது. சென்னைப் பட்டணம் சேலத்திலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். மும்பை மாநகரமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படியிருந்தும், இவ்விரண்டு கடற்கரைப் பட்டணங்களுக்கும் இடையே வருஷந்தோறும் நடக்கும் ஒரு யுத்தத்தில் இந்தச் சமவெளி எவ்வளவு தூரம் ஈடுபட்டிருக்கிறது என்பது, கோடைகால மாலை ஒன்றில் இங்கே வந்து பார்த்தவர்களுக்கே விளங்கும்.

யுத்தம் என்று நாம் சொல்வது கிரிக்கெட் பந்தயத்தைத்தான். மஞ்சள் சட்டைக்காரர்கள் சென்னை சூப்பர் கிங்ஸ். நீலச் சட்டைக்காரர்கள் மும்பை இந்தியன்ஸ். இந்தியன் பிரீமியர் லீக் என்னும் பந்தயம் 2008-ம் வருஷம் ஆரம்பமாயிற்று. 2025 முடிய நடந்த பதினெட்டுப் பந்தயங்களில், 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து வருஷங்களில் சென்னைக் கோஷ்டி கோப்பையைப் பெற்றது. 2013, 2015, 2017, 2019, 2020 ஆகிய ஐந்து வருஷங்களில் மும்பைக் கோஷ்டி பெற்றது. மற்ற எல்லாக் கோஷ்டிகளும் சேர்ந்து பெற்றவை எட்டுத்தான். இந்த இருவரும் இறுதி ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றது நான்கு தடவை. அவற்றில் 2010-ல் மட்டும் சென்னை ஜயித்தது. 2013, 2015, 2019 மூன்றிலும் ஜயம் மும்பைக்கே. இவ்வளவு சரிசமமான போட்டியாக இருந்தால் ஜனங்களுக்கு ஆவேசம் பிறப்பதில் ஆச்சரியம் என்ன?

நம்முடைய பிரயாணத்தை நாமக்கல்லில் தொடங்கினோம். ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையையும், அதன் உச்சியிலுள்ள கோட்டையையும், கீழே விதானமின்றித் திறந்த வானத்தின் கீழ் நிற்கும் 18 அடி உயரமுள்ள ஆஞ்சனேயரையும் தரிசித்துவிட்டுச் சாலைக்கு வந்தால், கண்ணில் படுவதெல்லாம் லாரிகள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு இந்த ஊர் பேர்போனது. இங்கிருந்து புறப்படும் லாரிகள் பாரத தேசத்தின் நாலு மூலைக்கும் போகின்றன. மும்பைக்கும் போகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

சாலையோரத்து டீக்கடை ஒன்றில், நரைத்த மீசையுடைய லாரி டிரைவர் ஒருவர் நமக்கு எதிரே அமர்ந்திருந்தார். தோளில் மஞ்சள் துண்டு. "மும்பைக்கு அடிக்கடி போகிறவராயிற்றே, அந்த ஊர்க் கோஷ்டியின் மீது உமக்குக் கோபம் உண்டா?" என்று விசாரித்தோம்.

"ஏனுங்க, மாசத்துக்குப் பத்து நாள் அந்த ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு வரோம். கோவம் எப்படிங்க வரும்?" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா அவங்ககிட்டத் தோத்தா மட்டும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் போகும்போது இந்தப் பதிலின் நியாயம் இன்னும் தெளிவாகிறது. வழியெங்கும் மரவள்ளி பயிராகிறது. கிழங்கு ஆலைக்குச் சென்று, அரைபட்டு, பால் வடிந்து, மாவாகி, முத்து முத்தாக ஜவ்வரிசியாகிறது. ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981-ல் ஏற்படுத்திய சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இருக்கிறது. இந்த ஜவ்வரிசியை விரும்பி வாங்குகிறவர்கள் மராட்டிய நாட்டார். விரத தினங்களில் அவர்கள் வீடுகளில் ஜவ்வரிசிக் கிச்சடி செய்யாமல் தீராது. ஏகாதசியன்று மும்பையில் ஒரு குடும்பம் பசியாறுகிறதென்றால், அதில் சேலத்து உழவனின் உழைப்பும் இருக்கக்கூடும். மாலையில் அந்தக் குடும்பம் நீலத்துக்குக் கை தட்டும். உழவனின் பிள்ளை மஞ்சளுக்கு விசில் அடிப்பான்.

இந்தப் போட்டி நேற்று முளைத்ததென்று எண்ண வேண்டாம். ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் 1934-ல் தொடங்கியபோது முதல் ஆட்டம் நடந்த இடம் சென்னைச் சேப்பாக்கம். மதராஸ் கோஷ்டி மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது. ஆனால் பிற்காலத்தில் அந்தக் கோப்பை பம்பாயின் குடும்பச் சொத்தைப்போல் ஆகிவிட்டது. 1958-59 முதல் 1972-73 வரையில் பதினைந்து வருஷம் இடைவிடாமல் பம்பாயே ஜயித்தது. அந்தப் பதினைந்தாவது ஜயம் சேப்பாக்கத்திலேயே, தமிழ்நாட்டுக் கோஷ்டிக்கு எதிராகக் கிடைத்தது. சுழல் பந்துக்குத் தோதான அந்த மைதானத்தில் தமிழ்நாடு 80 ரன்னுக்கும் 61 ரன்னுக்கும் வீழ்ந்தது. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துபோயிற்று. 2010-ல் நவி மும்பையில் சென்னை 22 ரன் வித்தியாசத்தில் ஜயித்துக் கோப்பையுடன் திரும்பியபோது, பழைய தலைமுறையினருக்கு உண்டான ஆனந்தத்தின் காரணம் இதுதான்.

ரத்தம் சிந்தாத யுத்தம் என்று இதைச் சொல்ல நமக்கு ஆசை. ஆனால் 2019-ம் வருஷம் ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சென்னையின் வாட்ஸன் முழங்காலில் ரத்தம் கசியக் கசிய 80 ரன் எடுத்தார். கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை. மலிங்கா வீசிய அந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது. மும்பை ஒரே ரன்னில் ஜயித்தது. அந்த ஒரு ரன்னைப்பற்றிச் சேலத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. பம்பாயில் ஒரு காலத்தில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர், மற்றவர் என்று மதவாரியாகக் கோஷ்டி பிரித்துப் பந்தயம் நடத்தினார்கள். 1940-ல் மகாத்மா காந்தி அதை ஆட்சேபித்தார். 1945-46க்குப் பிறகு அது நடக்கவில்லை. இப்போதைய போட்டியில் அந்த விஷம் இல்லை. சென்னைக்குக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த தலைவர் தோனி, ராஞ்சியில் பிறந்தவர். 2013-ல் சென்னையைத் தோற்கடித்த மும்பைக் கோஷ்டியில் நமது சென்னைப் பிள்ளை தினேஷ் கார்த்திக் இருந்தார். அம்பாத்தி ராயுடு என்னும் ஆந்திரர் மும்பைக்காக மூன்று கோப்பையும் சென்னைக்காக மூன்று கோப்பையும் ஜயித்தவர். இன்றைய எதிரி நாளைய தோழன் என்னும் நிலையில் துவேஷம் எங்கே தங்கும்?

சேலத்திலிருந்து மேற்கே மேட்டூர் சென்றோம். ரஞ்சிப் பந்தயம் பிறந்த அதே 1934-ல் கட்டி முடிந்த அணை இது. இங்கே நின்றால் 2018-ம் வருஷத்துச் சம்பவம் ஞாபகத்துக்கு வராமற்போகாது. இரண்டு வருஷத் தடைக்குப் பின் சென்னைக் கோஷ்டி திரும்பி வந்த வருஷம் அது. அந்தச் சமயத்தில் காவேரி மேலாண்மை வாரியம் வேண்டுமென்று தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி நடந்தது. உழவன் நீருக்குத் தவிக்கும்போது கேளிக்கை எதற்கு என்று கேட்டார்கள். சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10-ந் தேதி ஓர் ஆட்டம் நடந்ததோடு சரி. மற்றவை புனாவுக்குப் போய்விட்டன. மராட்டிய மண்ணில் ஆடி, மும்பையிலேயே இறுதி ஆட்டத்தையும் ஜயித்து, மஞ்சள் கோஷ்டி கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் இந்த ஜில்லாவாசிகளின் மனம் இரண்டுபட்டிருந்தது. காவேரியும் அவர்களுடையது, கோஷ்டியும் அவர்களுடையது. எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டால், "தண்ணி இல்லாம ஆட்டம் ஏதுங்க?" என்று அணைக்கட்டில் மீன் விற்ற மூதாட்டி சொன்ன பதிலே நமக்குப் போதுமானதாக இருந்தது.

மேட்டூரிலிருந்து தென்கிழக்கே திரும்பினால், தாரமங்கலத்துக்கு மேற்கே இருக்கிறது சின்னப்பம்பட்டி. தங்கராசு நடராஜன் பிறந்த ஊர். தகப்பனார் தறித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில் விளையாடியவர், 2017 ஏலத்தில் மூன்று கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் கோஷ்டியில் சேர்ந்தார். 2020-ல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பிரயாணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்றுவகை ஆட்டங்களிலும் பாரத தேசத்துக்காக முதன்முதலாக ஆடினார். 2021 ஜனவரியில் அவரை ரதத்தில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தது இந்த ஊர்.

ஆனால் விந்தையைப் பாருங்கள். பஞ்சாப், ஹைதராபாத், டில்லி என்று ஆடியவர், 2025 முடிய மஞ்சள் சட்டையும் அணியவில்லை, நீலமும் அணியவில்லை. 2020 அக்டோபரில் துபாயில் அவர் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசியபோது தோனி ஒரு ஸிக்ஸர் அடித்தார். அடுத்த பந்திலேயே தோனியின் விக்கெட் விழுந்தது. "அன்று ஊர் சிரித்ததா, அழுததா?" என்று சின்னப்பம்பட்டிச் சிறுவன் ஒருவனைக் கேட்டோம். "ரெண்டுந்தானுங்க!" என்றான்.

அவன் கையில் பந்து இருந்தது. எதிரே மைதானமும் இருந்தது. நடராஜன் தம் சொந்த ஊரில் அமைத்த அந்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. அதே ஊர்க்காரரான பெரியசாமி, 2019-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் வீழ்த்திச் சேப்பாக்கம் கோஷ்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். சேலத்துக்குக் கிழக்கே வாழப்பாடியருகில், மலையடிவாரத்தில் 2020 பிப்ரவரியில் திறந்த இன்னொரு மைதானத்தில், 2022 முதல் அந்த லீகின் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன.

இரண்டு பெருங்கோஷ்டிகளின் போட்டியால் இந்தச் சமவெளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம்முடைய பதில் இதுதான். தூரத்துக் கோப்பையைப் பார்த்துக் கை தட்டுவதோடு நின்றிருந்தால் லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆவேசம் ஒரு தறிக்காரர் மகனின் தோளுக்குப் பலமாகி, பின்னர் அவர் ஊரில் ஒரு மைதானமாகவும் ஆகியிருக்கிறது. அபிமானத்தால் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஸ்தாபனங்கள், அந்த அபிமானத்தைக் கொடுத்த கிராமங்களுக்கு இவ்விதமான மைதானங்களைத் திருப்பிக் கொடுப்பது நியாயமல்லவா?

ஏற்காட்டுக்குப் போகும் நேயர்கள் ஒரு நாள் அதிகமாகத் தங்கி, சின்னப்பம்பட்டியையும் வாழப்பாடியையும் பார்த்து வரலாம். மாலை நாலு மணிக்கு மேல் போவது உத்தமம். வெயில் தாழ்ந்தபின், பிள்ளைகள் ஆட வரும் நேரம் அது.