திரை மறைத்ததும் சொல் மறைத்ததும்

ஜப்பானியச் சிற்றின்பத் திரைப்படங்களுக்கு 'பிங்கு எய்கா', அதாவது இளஞ்சிவப்புத் திரைப்படம், என்று பெயர். 1960களில் சிறு நிறுவனங்கள் குறைந்த செலவில் இவற்றைத் தயாரித்தன. 1971இல் பழம்பெரும் நிறுவனமான நிக்கட்சுவும் 'ரோமான் போர்னோ' வரிசையுடன் இத்துறையில் நுழைந்தது. ஆபாசப் பொருள்களைப் பரப்புவதைக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு தடைசெய்வதால், பிறப்புறுப்புகள் திரையில் மறைக்கப்பட்டன.

உடலை மறைத்த அதே திரை, ஒரு குற்றத்தை மறைக்காமல் வேடிக்கையாக்கியது. 1980களில் புகழ்பெற்றிருந்த 'சிக்கான் தென்ஷா' படங்களின் களம், நெரிசல்மிகு ரயிலில் பெண்களைத் தீண்டும் ஆண்களின் உலகம். அவற்றுள் பலவற்றை இயக்கிய தகிதா யோஜிரோவின் 'ஒகுரிபிதோ' பின்னாளில், 2009இல், சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

'தென்ஷா' என்பது ரயில். 'சிக்கான்' என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளுள் முதலாவது மடமையையும் மற்றது ஆடவனையும் குறிக்கும். தீண்டுபவனுக்கும் தீண்டலுக்கும் இதுவே பெயர். சொல்லில் மடமை உண்டு, வன்முறை இல்லை. பாதிக்கப்பட்ட பெண் 'சிக்கானுக்கு ஆளானேன்' என்று சொல்லப் பயன்படும் வினையும், விபத்துக்கு உள்ளாவதைச் சொல்லும் வினையும் ஒன்றே. அவ்வாக்கியத்தில் செய்தவன் எழுவாயாக நிற்பதில்லை.

அவையில் சொல்லத்தகாததைத் தகுந்த சொல்லால் மறைத்துரைப்பதைத் தமிழ் இலக்கணம் இடக்கரடக்கல் என்கிறது. கேட்போரின் கூச்சத்தைத் தவிர்ப்பது அதன் நோக்கம். 'சிக்கான்' என்ற சொல்லோ செய்தவனைக் காக்கிறது.

ஜப்பானிய ரயில் நிலையங்களில் 'சிக்கான் ஒரு குற்றம்' என்ற சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. கொலை ஒரு குற்றம் என்று எவரும் எழுதி ஒட்டுவதில்லை. அச்சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. 'சிக்கான்' சொல்லத் தவறியதைச் சுவரொட்டி சொல்ல வேண்டியிருந்தது. இத்தீண்டல் பெரும்பாலும் உள்ளாட்சிகளின் 'தொந்தரவுத் தடுப்பு' விதிகளின்கீழேயே தண்டிக்கப்பட்டும் வந்தது. நெரிசலில் காலை மிதிப்பதும் தொந்தரவுதான்.

2023இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, 'கட்டாய ஆபாசச் செயல்' என்ற குற்றம் 'இசைவற்ற ஆபாசச் செயல்' எனப் பெயர் மாறியது. குற்றத்தின் பெயருக்குள் பாதிக்கப்பட்டவரின் விருப்பம் இடம்பெற்றது. அன்றாடப் பேச்சில் இன்னும் 'சிக்கான்'தான்.