தோழிக்கு ஒரு மஞ்சள் ரவிக்கை

தைப்பூசம் முடிஞ்சதும் இதை எழுதணும்னு இருந்தோம்.

எங்க கோயில் சமையல்கட்டுத் தோழி ஒருத்தங்க, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பத்துமலையில் பால்குடம் எடுக்க வேண்டிக்கிட்டாங்க. இடது கை வீங்கியிருந்தது. இறுக்கமா எதுவும் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடையில் வாங்கிய மஞ்சள் ரவிக்கை முழங்கைக்கு மேல ஏறவே இல்லை. “சால்வையைப் போட்டு மூடிக்கிறேன்”னு சிரிச்சாங்க. எங்களுக்கு மனசு கேக்கலை.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நாலு பேர் மண்டபத்தில் உட்கார்ந்தோம். பருத்தித் துணியை முதல்ல நனைச்சுக் காயவெச்சோம். தைச்ச பிறகு சுருங்கினா கையைப் பிடிக்குமே! இரண்டு கைக்கும் தனித்தனி அளவு எடுத்தோம். கொக்கியை முன்பக்கம் வெச்சோம்.

போட்டுப் பார்த்தப்போ அழகா இருந்தது. ஆனா குடம் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினதும் ரவிக்கை மொத்தமும் மேல ஏறிடுச்சு. கையைத் தொங்கவிட்டே அளவெடுத்தது எங்க தப்பு. பிரிச்சோம். அக்குளில் ஒரு சதுரத் துண்டைக் குறுக்கா வெச்சு மறுபடி தைச்சோம்.

தைப்பூசத்தன்று 272 படியும் ஏறினாங்க. சால்வையை எங்ககிட்டயே கொடுத்துட்டாங்க. இறங்கி வந்து, “கையை நினைக்கவே இல்லடி” என்றார். நாங்க அழுதுட்டோம்.

அந்த அளவுக் காகிதம் கோயில் அலமாரியில் இருக்கு. யாருக்காவது தேவைன்னா கூச்சப்படாம கேளுங்க, தைச்சுத் தர்றோம். இந்த முறை கையைத் தூக்கச் சொல்லித்தான் அளவெடுப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!