கைப்பிடியின் திசை

1957-ஆம் ஆண்டு வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்திற்கு அ. மருதகாசி எழுதிய உழவுப் பாட்டினால் மணப்பாறை மாட்டின் கீர்த்தி தமிழகமெங்கும் பரவியதும், அந்த மாட்டுச் சந்தை இன்றளவும் வாரந்தோறும் கூடிவருவதும் யாவரும் அறிந்தவையே. ஆயினும் ஊரைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலங்களில் இப்போது உழவின் பாரத்தைப் பெரும்பாலும் சுமப்பது டிராக்டர்தான். ஏரில் பூட்டிய மாடு தன்னை ஓட்டுகிறவனுடைய குரலையும் மூக்கணாங்கயிற்றின் இழுப்பையும் நாளடைவில் தானே அறிந்துகொள்ளும். யந்திரத்துக்கு அந்தப் பழக்கம் ஒருநாளும் வாராது. ஆகையால், எந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் நகர்த்தினால் எந்தப் பாரம் எழும், எது தாழும் என்பதை, வண்டி வயலில் இறங்குவதற்கு முன்னமே ஒரு மனிதர் யோசித்து, முடிவுசெய்து, இரும்பிலே நிலைநிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மனிதரைக் காணும் விருப்பத்தோடுதான் குளித்தலை சாலையில் உள்ள ஒரு டிரெய்லர் பட்டறைக்குச் சென்றேன்.

பட்டறையின் மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த சிறு ஆலைகளில் வெல்டிங்கும் பிட்டிங்கும் கற்று, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பியவர். ஐ.டி.ஐ. படித்த இளைஞர் இருவர் அவருக்கு உதவியாக இருந்தனர். நான் போன அன்று, பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தம் பழைய டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புதிதாக வாங்கிய ரிவர்சிபிள் கலப்பையை வரப்போரத்தில் புரட்டுவதற்கு ஒரு கைப்பிடியும், டிப்பர் டிரெய்லரைத் தூக்குவதற்கு இன்னொன்றும் உள்ள இரட்டை வால்வு ஒன்று அதில் பொருத்தப்பட வேண்டியிருந்தது.

கலப்பையை வண்டியோடு மூன்று புள்ளிகளில் இணைத்து எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறை, வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர் 1920-களில் கண்டு வளர்த்தது. 1939-இல் ஹென்றி ஃபோர்டு அதைத் தம் டிராக்டரில் ஏற்றுக்கொண்ட பிறகு உலகமெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் வழியாக மாசி ஃபெர்குசன் வண்டிகள் நம் வயல்களுக்கும் வந்தன. அந்த லிப்ட் வண்டியோடு கூடப் பிறந்தது. அதன் கைப்பிடி ஆலையிலேயே இடம் குறிக்கப்பட்டு வருகிறது. பிற்பாடு சேர்க்கப்படும் கருவிகளுக்கோ அத்தகைய முன்னேற்பாடு கிடையாது. அவற்றின் வால்வுக்கு ஸ்தானம் தேடும் பொறுப்பு முழுவதும் சாலையோரப் பட்டறையின் தலையில் விழுகிறது.

வால்வின் உள்ளமைப்பை மேஸ்திரி எனக்குக் காட்டினார். வார்ப்பிரும்புக் கட்டி ஒன்றின் நடுவே குடைந்த துளையில், இடையிடையே பள்ளம் வெட்டிய பளபளப்பான உருக்குத் தண்டு ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. அதற்கு ஸ்பூல் என்று பெயர். குளத்து நீர்ப்பாய்ச்சி ஒரு மடையை அடைத்து மறு மடையைத் திறந்துவிடுவதுபோல, அந்தத் தண்டு நகரும்போது பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. மறு பக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. கைப்பிடியைத் தொடாத நேரத்தில், இந்த வகை வால்வில், எண்ணெய் தடையின்றி நடுவழியே ஓடிக்கொண்டிருக்கும். தண்டுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒவ்வொரு தண்டும் தன் துளைக்கென்றே தேய்த்து இணைக்கப்படுவதால் ஒன்றின் தண்டை மற்றொன்றில் போட முடியாது. இத்தனை சூக்ஷ்மமான வஸ்து, சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை எழும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, புழுதியிலும் சேற்றிலும் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும்.

வால்வு இருந்த பெட்டியை மேஸ்திரி உடனே பிரிக்கவில்லை. டிராக்டர் ஓட்டும் இளைஞனை முதலில் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார்.

"தம்பி, வரப்புகிட்ட வந்துட்டே. பின்னால திரும்பிக் கலப்பையைப் பாரு. பார்த்தபடியே கையை நீட்டு."

இளைஞன் இடுப்பைத் திருப்பிப் பின்னால் நோக்கியவாறு வலக்கையை நீட்டினான். அந்தக் கை எங்கே நின்றதோ அங்கே சாக்குக் கட்டியால் ஒரு குறி போட்டார். மட்கார்டின் முன்விளிம்பில், கண்ணுக்கு வசதியாகத் தோன்றிய இடத்திலிருந்து அது வெகுவாகப் பின்னால் தள்ளியிருந்தது. ஓட்டுகிறவன் கைப்பிடியைப் பார்க்கமாட்டான், கருவியைத்தான் பார்ப்பான் என்ற இந்த ஒரு கவனிப்பிலிருந்தே அன்றைய வேலை முழுவதும் பிறந்தது என்று சொல்வேன். பொருத்தும் கலையின் பிரதான அம்சமாக எனக்குப் பட்டதும் இதுவே.

குறித்த இடத்தில் நேரே மட்கார்டுத் தகட்டில் பூட்டிவிடலாமே என்று விவசாயி கேட்டார். தகடு அதிரும், அதிர்ந்தால் நாளடைவில் குழாய் இணைப்புகள் கசியும் என்று கூறி, பின் அச்சுக் கூட்டின் போல்ட்டுகளிலிருந்து தடித்த இரும்புப் பட்டையில் பிராக்கெட் ஒன்றைச் செய்யச் சொன்னார். வெல்டிங் முடிந்து ஆறியதும், வால்வு உட்காரும் முகத்தைக் கிரைண்டரால் சமப்படுத்தி, மட்டப்பலகை வைத்து வெளிச்சம் பார்த்தார். முகம் கோணலாக இருந்தால் போல்ட்டை முறுக்க முறுக்க வார்ப்புடலும் இம்மியளவு முறுகும். அந்த இம்மியே மைக்ரான் கணக்கில் நகரும் தண்டைச் சிக்கவைக்கப் போதுமானது. ஆகவே ஒவ்வொரு போல்ட்டை இறுக்கிய பிறகும் இரண்டு தண்டுகளையும் கையால் தள்ளிப் பார்த்தார். விட்டவுடன் ஸ்பிரிங் அவற்றை நடுநிலைக்கு இழுத்துக்கொள்கிறதா என்பதே அவருடைய பரீட்சை.

அடுத்து வால்வின் முகம் எந்தத் திசை நோக்க வேண்டும் என்ற விசாரணை எழுந்தது. தண்டின் வால்முனை மேல்நோக்கி நின்றால் மழைநீரும் புழுதியும் அங்கே தங்கித் துருவேற்றும். குழாய் வாய்கள் டயர் பக்கம் இருந்தால் சேறு மோதும். சைலன்ஸர் பக்கம் இருந்தால் ரப்பர் ஹோஸ் வெந்துபோகும். இவற்றை விலக்கிப் பார்த்தபோது தண்டு கிடைமட்டமாகப் படுத்து, குழாய் வாய்கள் உட்புறம் நோக்கும் ஒரே நிலைதான் எஞ்சியது. ஆனால் அந்த நிலையில் கைப்பிடிகளின் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. பின்னால் இழுத்தால் எழ வேண்டும், முன்னால் தள்ளினால் தாழ வேண்டும் என்பது லிப்ட் கைப்பிடியில் ஓட்டுநர்களின் கைக்கு ஊறிய வழக்கம். இங்கே முன்னால் தள்ளினால் டிப்பர் எழும்.

இருபுறமும் எண்ணெய் பாயும் கலப்பைச் சிலிண்டருக்கு இது பெரிய சங்கடமல்ல. இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்றிவிட்டால் தீர்ந்தது. டிப்பர் ஜாக்கியோ எண்ணெயால் எழுந்து, தன் பாரத்தாலேயே இறங்குவது; அதற்கு ஒரே ஹோஸ்தான், மாற்றிப் போட வேறு வாய் கிடையாது. உதவியாளர்களில் ஒருவன், "இருக்கட்டும் அண்ணே, ஓட்டப் பழகிக்குவாங்க" என்றான். மேஸ்திரியின் முகம் மாறியது. "பழகுறவன் ஒருத்தன், நாளைக்கு அவசரத்துக்கு ஏறி உட்கார்றவன் இன்னொருத்தன். டிரெய்லருக்கு அடியில ஆள் நின்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தண்டின் கைப்பிடி மூட்டை மட்டும் கழற்றி, 180 பாகை திருப்பிப் பூட்டினார். நெம்பும் புள்ளி மறுபக்கம் போனதும் கையின் போக்கும் பாரத்தின் போக்கும் ஒன்றுபட்டன. இந்திய தர நிர்ணய அமைவனம் டிராக்டர் கைப்பிடிகளின் இடத்தையும் இயக்கத்தையும் பற்றித் தனித் தரக்குறிப்பே வகுத்திருக்கிறது. அதை வாசித்திராத ஒருவர் அதன் உட்கருத்தைத் தம் மனச்சாட்சியிலிருந்தே எடுத்துக்கொண்டதைக் கண்டு என் மனம் நெகிழ்ந்தது.

குழாய் இணைப்பில் அவர் காட்டிய எச்சரிக்கை இன்னும் கடுமையானது. புதிய வால்வைக் கடந்த எண்ணெய் பழைய லிப்டுக்கும் போயாக வேண்டும். சாதாரணமாகத் தொட்டிக்குத் திரும்பும் வாயிலிருந்தே அதை எடுத்துக் கொடுத்துவிட்டால், லிப்ட் பாரம் தூக்கும் நேரத்தில் அதன் முழு அழுத்தமும் அந்தப் பக்கத்து அறையில் தேங்கும். அந்த அறையோ குறைந்த அழுத்தத்துக்கென வார்க்கப்பட்டது. இதற்காகவே 'பவர் பியாண்ட்' என்னும் தனி உறையைத் திருகி, லிப்டுக்குப் போகும் வழியையும் தொட்டிக்குத் திரும்பும் வழியையும் பிரிக்கிறார்கள். வேறெங்கோ அது இல்லாமல் பூட்டப்பட்டு, விரிசல் விட்டு வந்த வால்வு ஒன்றை, உதவியாளர்கள் பார்ப்பதற்கென்றே அலமாரியில் வைத்திருந்தார். பெட்டியோடு வந்த குறிப்புத்தாளில் இந்த விஷயம் இருக்கத்தான் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். திருச்சி ஜில்லாவிலேயே குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இத்தகைய பட்டறைகளுக்கென்று படங்களோடு ஒரு தமிழ்க் கையேட்டை அது வெளியிடுமானால் எத்தனையோ உடைப்புகளும் காயங்களும் தவிர்க்கப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பட்டறையில் எங்கும் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை வால்வின் அருகே கொண்டுவர அவர் அனுமதிக்கவில்லை. அதன் ஒரு நூலிழை உள்ளே போனாலும் தண்டு சிக்கும். டெஃப்லான் டேப்பும் அவ்வாறே விலக்கு. ரப்பர் விளிம்புள்ள வாஷர்களைக் கொண்டே இணைப்புகளை இறுக்கினார்கள். பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, காற்று வெளியேறும்வரை கைப்பிடிகளைப் பலமுறை அசைத்தார்கள். கசிவைத் தேட ஓர் இளைஞன் கையை நீட்டியபோது மேஸ்திரி அதைத் தட்டிவிட்டு, ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்தார். ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். முதலில் வலியே தெரியாது, தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

எல்லாம் முடிந்ததும் டிப்பர் கைப்பிடியை இன்னும் ஒரு சாண் நீட்டிக் கொடுக்கும்படி விவசாயி கேட்டார். நீண்ட பிடியில் மூட்டை சாயும், ஏறி இறங்குகிறவன் முழங்கால் படும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு பிடிகளையும் நடுநிலையில் தடுத்து நிறுத்தும் ஒரு மடக்குப் பட்டையைப் பற்றவைத்தார். சாலையில் போகும்போதெல்லாம் அதை மடக்கிவிட வேண்டும் என்று ஓட்டும் இளைஞனிடம் இருமுறை சொல்லி, அவனையே செய்துகாட்டச் சொன்னார். கூலியைப் பேசி வாங்கிய பிறகு விவசாயியிடம், "ஒரு வாரம் ஓட்டிட்டு வண்டியைக் கொண்டாங்க ஐயா, போல்ட்டை மறுபடி இறுக்கணும், பில்டரையும் மாத்தணும், அதுக்குக் கூலி வேண்டாம்" என்றார்.